தேறலும் தெளிவும்

சங்க நூல்களைக் கற்பிக்கும்போது 'தேறல்' என்னும் சொல் வந்தால், 'மது' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். அச்சொல்லின் பொருள் அதனினும் நுட்பமானது. தேறுதல் என்பது தெளிதல். திருமுருகாற்றுப்படையில் குன்றவர் மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேன்மதுவைக் 'கட்டெளிவு' என்று விளக்கினார் நச்சினார்க்கினியர். கள்ளினது தெளிவு என்பது அதன் பொருள். இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை, வீட்டில் பழமது ஆக்கிப் பார்த்தவர் நன்கு அறிவர்.

வீட்டில் மது ஆக்குவது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை குறிக்கும் 'தோப்பி' வீட்டிலேயே நெல்லால் ஆக்கப்பட்ட கள்ளாகும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இன்றி மது ஆக்குதல் குற்றம். சிங்கப்பூரிலோ 2004ஆம் ஆண்டு முதல் இதற்கு இசைவு உண்டு. 18 வயது நிரம்பியவர் தம் இல்லத்தில், ஒரு குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல், பழமதுவோ பீரோ ஆக்கிக்கொள்ளலாம். உரிமமும் தீர்வையும் வேண்டா. விற்றல் கூடாது, காய்ச்சி வடித்தல் அறவே கூடாது. உட்லண்ட்ஸ் வாசிகளுக்கு இதில் ஒரு விந்தை உண்டு. அடுக்குமாடி வீட்டில் தாமே ஆக்கிய மதுவுக்குத் தீர்வை இல்லை. பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாருவில் வாங்கிய ஒரு புட்டியைக் கொண்டுவந்தால் தீர்வை உண்டு. மலேசியாவிலிருந்து வருவோர்க்கு மதுவில் தீர்வைச் சலுகை கிடையாது.

சாறு மதுவாவது எங்ஙனம்?

நொதித்தலைச் செய்வது ஈஸ்டு என்னும் நுண்ணுயிர். இதனை ஆய்ந்து நிறுவிய லூயி பாஸ்டர், 1866இல் திராட்சை மதுவைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஈஸ்டு சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் ஏறத்தாழச் சம எடையில் வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் உண்டாகும். ஆகவே 12 பங்கு பெற, லிட்டருக்கு 200 கிராம் அளவில் சர்க்கரை வேண்டும். கடையில் கிடைக்கும் உண்ணும் திராட்சையில் இது சற்றுக் குறைவாகவே இருக்கும். குறையைச் சர்க்கரை சேர்த்து நிரப்பலாம். பாலைச் சோதிக்கும் பால்மானியைப் போன்ற திரவமானி ஒன்று இவ்வளவைக் காட்டும். தொடக்கத்தில் 1.090 அளவில் நிற்பது, நொதித்து முடிந்ததும் 1.000க்குக் கீழே இறங்கும். சாராயம் நீரினும் இலேசானது அன்றோ?

செய்முறை

ஐந்து கிலோ கறுப்புத் திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி, கொதிநீரால் தூய்மை செய்த வாயகன்ற கலத்தில் பிசைக. மது ஈஸ்டு சிறிது சேர்க்க. நுரை பொங்குமாதலின் கலத்தில் கால் பங்கு வெற்றிடம் விடுக. மேலே மிதந்து வரும் தோலை நாள்தோறும் இருமுறை அமிழ்த்துக. வண்ணமும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்குகின்றன. ஐந்தாறு நாளில் பிழிந்து, குறுகிய கழுத்துடைய கலத்தில் கழுத்தளவு நிரப்பி, வாயு வெளியேறவும் காற்று உட்புகாமலும் நீரடைப்புப் பொருத்துக. நம் ஊர் வெப்பத்தில் நொதித்தல் விரைந்து நடக்கும். விரைவு மிகுந்தால் மணம் கெடும். வெயில் படாத, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் கலத்தை வைத்தல் நலம்.

பொறுமை தேவைப்படுவது இதற்குப் பின்னரே. குமிழி நின்றதும் ஈஸ்டு அடியில் வண்டலாகப் படியும். மேலே உள்ள தெளிவை மெல்ல வேறு கலத்திற்கு இறுக்க வேண்டும். 'இறுத்தல்' என்பதும் இதற்கேற்ற பழந்தமிழ்ச் சொல்லே. சில வாரம் கழித்து மீண்டும் இறுக்க. மாம்பழச் சாறு தெளிய நாள் பிடிக்கும்; அதிலுள்ள பெக்டின் என்னும் பொருள் கலக்கத்தைப் பிடித்து வைக்கிறது. நொதித்தல் முடியுமுன் புட்டியில் அடைத்து இறுக மூடினால், வாயு தேங்கிப் புட்டி வெடித்துக் காயம் விளையும். முடிந்தபின் காற்றுப்பட விட்டாலோ வேறொரு நுண்ணுயிர் புகுந்து சாராயத்தைப் புளிக்கச் செய்து காடியாக்கிவிடும்.

ஆக, சாறு, கள், தேறல், காடி என்பன ஒரே நீர்மத்தின் வெவ்வேறு நிலைகளாகலாம். யவனர் நற்கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் 'தேறல்' என்றே குறித்தார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில், மது கொணரப் பயன்பட்ட அத்தகைய சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் நமக்கு உரியவரே. பருகுவதும் விலக்குவதும் அவரவர் நெறி. ஆயின், எல்லாவற்றையும் 'மது' என்னும் ஒரே சொல்லில் அடக்கினால், முன்னோர் கண்ணால் கண்டு பெயரிட்ட வேறுபாடுகளை நாம் இழந்துவிடுவோம். அடுத்த முறை வகுப்பில் 'தேறல்' வரும்போது, கலங்கல் அடங்கித் தெளிந்தது என்று சேர்த்துச் சொல்வோம். மாணவர் உள்ளத்தில் அச்சொல்லும் தெளியும்.