மண்டைக்குள் ஓர் உலகம் – 9: காலில் காது வைத்த பாடகன்

பார்வை மங்கிய சுவிஸ் தாத்தா சார்லஸ் லூலனும், அவர் கண்முன் வந்துபோன இல்லாத மனிதர்களும் வண்டிகளும் சென்ற வாரத்தோடு முடிந்தார்கள். இந்த வாரம் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள் பற்றி என்று வாக்கு. ஆனால் யாரும் பேசாமலே சிலருக்குக் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பூச்சியைத் தாண்டிப் போக முடியவில்லை.

சுவர்க்கோழி. ஆண் பூச்சி முன்னிறகுகளை உரசி இரவெல்லாம் பாடும். அதன் காதுகள் இருப்பது முன்னங்கால்களில். இறகுக்கும் காலுக்கும் இடையே தூரமே கிடையாது. அங்கே எழும் ஓசையோ 100 டெசிபலைத் தொடும். பாடிப் பாடியே அது செவிடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பாடும்போதே வெளி ஓசைகளும் அதற்குக் கேட்கின்றன.

எப்படி? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பூலே, பெர்த்தோல்ட் ஹெட்விக் இருவரும் 2006இல் விடையை வெளியிட்டார்கள். ஒரே ஒரு நரம்பணு! இறகை அசைக்கும் கட்டளை கிளம்பும்போதே, வரப்போவது சொந்த ஓசை என்று அது செவி நரம்புகளுக்குத் தெரிவித்து அவற்றை அடக்குகிறது. ஒவ்வோர் உரசலுக்கும் ஓர் அடக்கல். நடுவில் உள்ள இடைவெளியில் காது திறந்தே இருக்கிறது. பூச்சி பாடாமல் சும்மா இருந்தபோது அந்த நரம்பணுவை மின்சாரத்தால் தூண்டினார்கள். வெளியிலிருந்து வந்த ஓசைக்குக்கூடச் செவி நரம்புகள் மந்தமாகிவிட்டன.

மனிதர் பேசும்போதும் இதுபோன்ற முன்னறிவிப்பு மூளையின் செவிப்பகுதிக்குப் போகிறது. ஓசை எழுந்து 100 மில்லி விநாடியில் தோன்றும் மின் அலை, சொந்தக் குரல் என்றால் சிறுத்துவிடும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அது அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை என்று அமெரிக்காவின் ஜூடித் ஃபோர்டும் டேனியல் மாத்தலானும் கண்டார்கள். மனதுக்குள் ஓடும் பேச்சுக்கும் இந்த முன்னறிவிப்பு தவறினால், அது யாரோ பேசுவதாகவே கேட்கும் என்பது ஒரு விளக்கம்.

கேட்கும் குரல் மனதுக்குள் ஓடும் சொந்தப் பேச்சுதானா என்று பார்க்க, 1987இல் ஆய்வாளர்கள் பீட்டர் பிக், மார்சல் கின்ஸ்போர்ன் இருவரும் குரல் கேட்கும் 18 பேரிடம் வாயை அகலத் திறந்து வைக்கச் சொன்னார்கள். 14 பேருக்குக் குரல் நின்றது! பிந்தைய சோதனையில் வாய் திறப்பது பலிக்கவில்லை. மெல்ல முனகுவது பலித்தது.

“காதுல குரல் கேக்குது” என்பவரிடம் “யாரும் பேசலையே” என்று வீட்டார் சாதிப்பது உண்டு. குரல் கேட்கும் வேளையில் எடுத்த ஸ்கேன்களில் செவிப்பகுதி இயங்குவது பதிவாகியிருக்கிறது. அவருக்குக் கேட்பது நிஜம். வாதாடுவதை விட்டு மருத்துவரிடம் அழைத்துப் போவதே உதவி.

ஆனால் சுவர்க்கோழியின் நரம்பணு, குரல் ‘என்னுடையது இல்லை’ என்று ஏன் தோன்றுகிறது என்பதை விளக்குவதோடு நின்றுவிடுகிறது. யாருடைய குரல்? மானுடவியலாளர் டான்யா லுர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் மருத்துவர்கள் பத்மாவதி, தாரா உள்ளிட்டோருடன் சேர்ந்து கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் குரல் கேட்கும் தலா 20 பேரிடம் இதைக் கேட்டார். கலிபோர்னியாவில் வன்முறைக் கட்டளைகள் அதிகம். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் 11 பேருக்குச் சொந்தக்காரர்களின் குரல்; திட்டினார்கள், புத்தி சொன்னார்கள், வீட்டு வேலையை ஏவினார்கள். குரலின் முகத்தைத் தருவதில் வாழ்ந்த ஊருக்கும் உறவுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தக் குரலை நம்பாமல் இருக்க முடியாதபடி செய்வது எது? டோபமின் நுழையும் இடம் அதுதான். 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்து கொடுக்கப்பட்ட கதையிலிருந்து அடுத்த வாரம்.

(தொடரும்)