கம்பியை உரிக்காமலே இணைக்கும் பெட்டி: உள்ளே என்ன நடக்கிறது? வீட்டில் பயன்படுத்தலாமா?

இரண்டு மின்கம்பிகளை இணைக்க என்ன செய்வார்கள்?

மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிப்பார்கள். உள்ளே தெரியும் செம்புக் கம்பியைத் திருகாணிக்கு அடியில் வைத்து இறுக்குவார்கள். பிறகு பெட்டியை மூடுவார்கள்.

ஆனால் இணையக் கடைகளில் இப்போது இன்னொரு வகைப் பெட்டி கண்ணில் படுகிறது. கத்தி வேண்டாம், உரிக்க வேண்டாம். கம்பியை அப்படியே உள்ளே வைத்து மூடியை 'கிளிக்' என்று அழுத்தினால் போதும். விளக்கு எரியும்.

இது என்ன புதுசா? இல்லை. தொலைபேசி நிலையங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் உத்திதான். உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டரின் பின்னால்கூட அது இருக்கிறது.

அப்படியென்றால் வீட்டு விளக்குக்கும் ஏர்கானுக்கும் அதையே பயன்படுத்தலாமா? அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதலில், கம்பியை உரிப்பதில் என்ன சிக்கல்?

பார்க்கச் சுலபமான வேலை. ஆனால் தவறு நடக்கும் இடங்கள் அதிகம்.

• கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டால் செம்பில் வெட்டு விழும். அந்த இடத்தில் கம்பியை வளைத்தால் முறிந்துவிடும்.

• பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பியாக இருந்தால் சில இழைகள் அறுந்து போகும். மிச்சம் இருக்கும் இழைகள் எல்லா மின்சாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கும்.

• அதிகமாக உரித்தால் வெறும் செம்பு வெளியே தெரியும். கை பட்டால் ஷாக்.

• குறைவாக உரித்தால் திருகாணி செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் நேரம். ஒரு பெரிய தொலைபேசிக் கம்பிவடத்துக்குள் நூற்றுக்கணக்கான சோடிக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அத்தனையையும் ஒவ்வொன்றாக உரித்து இணைக்க எத்தனை நாள் ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சிரமத்திலிருந்து பிறந்ததுதான் உரிக்காத இணைப்பு.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலும் ஒரு சிறிய உலோகத் துண்டுதான். சாப்பிடும் முள்கரண்டியின் இரண்டு முள்ளை மட்டும் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு குறுகிய பிளவு. அந்தப் பிளவு உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கும்.

கம்பியை அதற்குள் அழுத்தும்போது மூன்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

1. பிளவின் ஓரங்கள் பிளாஸ்டிக் உறையை வெட்டி இரண்டு பக்கமும் ஒதுக்கும்.

2. அதே ஓரங்கள் செம்பின் மேற்பரப்பைச் சுரண்டும். காற்று பட்டு உருவான மெல்லிய ஆக்சைடு படலம் போய், சுத்தமான செம்பு வெளிப்படும்.

3. விரிந்த இரண்டு முள்ளும் ஸ்பிரிங் போலத் திரும்ப நெருங்கப் பார்க்கும். அதனால் செம்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அழுத்தம் போதுமான அளவு இருந்தால், செம்பும் முள்ளும் தொடும் இடத்துக்குள் காற்றுகூட நுழையாது. காற்று போகாவிட்டால் அங்கே புதிதாக ஆக்சைடு சேராது. இணைப்பு பல ஆண்டுகள் நீடிப்பதற்கு அதுதான் காரணம்.

இதைத் தொழிலில் 'ஐடிசி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உறையை ஒதுக்கிச் செய்யும் இணைப்பு என்று பொருள்.

இன்னொரு வகையும் உண்டு. அதில் பிளவுக்குப் பதில் கூர்மையான பல் இருக்கும். பல் உறையைக் குத்திக்கொண்டு உள்ளே போய்ச் செம்பைத் தொடும்.

எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

*தொலைபேசிக் கம்பிகளில்*

ஜெர்மனியின் பெர்லின் நகரைச் சேர்ந்த குரோனே நிறுவனம் உருவாக்கிய இணைப்பின் பெயர் எல்எஸ்ஏ. அந்த மூன்று எழுத்தும் மூன்று ஜெர்மன் சொற்களின் சுருக்கம். 'ஈயம் உருக்க வேண்டாம், திருகாணி வேண்டாம், உரிக்க வேண்டாம்' என்பது அவற்றின் பொருள். அதில் உலோக முள், கம்பிக்கு 45 பாகைச் சாய்வில் இருக்கும்.

3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்லாக் இணைப்பான்கள் இன்னும் சின்னவை. ஒரு பொத்தான் அளவுதான் இருக்கும். கம்பிகளை உள்ளே நுழைத்து இடுக்கியால் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. தொலைபேசிக் கம்பிகளுக்கான வகைகளில் உள்ளே களிம்பு போன்ற ஜெல் இருக்கும். ஈரம் உள்ளே போகாமல் அது தடுக்கும்.

*உங்கள் வீட்டு லேன் கம்பியில்*

கணினிக்கோ ரௌட்டருக்கோ செருகும் அந்தத் தெளிவான பிளாஸ்டிக் முனையைக் கூர்ந்து பாருங்கள். அதன் பெயர் ஆர்ஜே45. உள்ளே 8 வண்ணக் கம்பிகள் வரிசையாக இருக்கும். வெளியில் இருக்கும் தடித்த உறையை மட்டும்தான் உரித்திருப்பார்கள். அந்த 8 கம்பிகளின் வண்ண உறை அப்படியே இருக்கும். முனைக்குள் இருக்கும் 8 தங்க நிறப் பற்கள் அவற்றைக் குத்திக்கொண்டு நிற்கும்.

சுவரில் இருக்கும் லேன் துளையின் பின்பக்கத்தில் பல் இல்லை, பிளவு முள். அதற்கென்று இருக்கும் கருவியால் கம்பியை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளி, மிச்ச நுனியையும் வெட்டிவிடுவார்கள்.

*மின்கம்பங்களில்*

மலேசியக் கம்பங்களில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் பல இடங்களில் உறை போட்ட கம்பிகளை முறுக்கிச் செய்த கற்றை வழியாகத்தான் வருகிறது. அதிலிருந்து ஒரு வீட்டுக்குக் கிளை எடுக்கப் பல் வைத்த இணைப்பான்களைப் பயன்படுத்துவார்கள்.

அவற்றின் திருகாணியில் ஒரு தந்திரம் உண்டு. சரியான அளவு இறுக்கம் வந்ததும் திருகாணியின் மேல்தலை தானாக முறிந்து விழுந்துவிடும். அதனால் அதிகமாக இறுக்க முடியாது.

*கட்டடங்களில்*

சுவிட்சர்லந்தின் வோர்ட்ஸ் நிறுவனம் தட்டையான கம்பிவடங்களைச் செய்கிறது. கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். எந்த இடத்தில் கிளை வேண்டுமோ அங்கே பெட்டியைப் பொருத்தி முடுக்கினால், பெட்டியின் திருகாணிகள் உறையைக் குத்திச் செம்பைத் தொடும். நீண்ட கம்பிவடத்தை எங்கும் வெட்டத் தேவையில்லை.

அப்போ வீட்டு விளக்குக்கும் இதையே போடலாமா?

இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும்.

லேன் கம்பியில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. வீட்டு மின்சாரம் அப்படியில்லை. 3,000 வாட் தண்ணீர்க் கெட்டிலை 230 வோல்ட்டில் போட்டால் கிட்டத்தட்ட 13 ஆம்பியர் ஓடும்.

இணைப்பு எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்கிட ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மின்தடையால் பெருக்க வேண்டும்.

• நல்ல இணைப்பின் மின்தடை 0.001 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 13 × 13 × 0.001 = சுமார் 0.17 வாட். கை வைத்தாலும் தெரியாது.

• தளர்ந்த இணைப்பின் மின்தடை 0.1 ஓம் என்றால்? 13 × 13 × 0.1 = சுமார் 17 வாட்.

17 வாட் பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஈயத்தை உருக்கும் சிறிய சாலிடரிங் கருவிகள் 15 முதல் 25 வாட் வரைதான். அப்படி ஒன்றைக் காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், பொய்க்கூரைக்கு மேலே வைத்தது போல ஆகிவிடும்.

அது அதோடு நிற்காது. சூட்டில் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் காற்று உள்ளே போகும். செம்பில் ஆக்சைடு சேரும். மின்தடை இன்னும் கூடும். சூடும் இன்னும் ஏறும்.

ஏதாவது ஆனால் ஃபியூஸ் பெட்டி நிறுத்திவிடாதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இந்தக் கோளாற்றை அது கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

மின்சுற்று முறிப்பான், அதாவது எம்சிபி, அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால்தான் நிறுத்தும். இங்கே ஓடுவது வழக்கமான 13 ஆம்பியர்தான்.

மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்சிசிபி சாதனம், மின்சாரம் வேறு வழியில் கசிந்தால்தான் நிறுத்தும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது வேலை செய்யும். ஆனால் தளர்ந்த இணைப்பில் மின்சாரம் எங்கும் கசியவில்லை. அதே கம்பியில்தான் போய் வருகிறது.

இரண்டும் சும்மா இருக்க, பெட்டி மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

அதற்காக ஆர்சிசிபி தேவையில்லை என்று அர்த்தமில்லை. ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது அதுதான். சிங்கப்பூரில் எல்லா வீடுகளும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் அதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. 1985க்கு முன் கட்டப்பட்ட வீட்டில் நீங்கள் இருந்தால், மின்பெட்டியைத் திறந்து 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் குறையா, பயன்படுத்தும் விதத்தில் குறையா?

சரியான கம்பிக்குச் சரியான பெட்டி என்றால் இணைப்பு நன்றாகவே நிற்கும். சிக்கல் பெரும்பாலும் பொருத்தமில்லாமல் சேர்ப்பதில் வருகிறது.

• அளவு: பிளவு ஒரு குறிப்பிட்ட தடிமனுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய கம்பி தளர்வாக நிற்கும். தடித்த கம்பியின் செம்பு வெட்டுப்படும்.

• கம்பியின் வகை: ஒற்றைத் திடக் கம்பிக்கான பிளவில் பல இழைக் கம்பியை வைத்தால் இழைகள் நகர்ந்து அழுத்தம் குறையலாம்.

• வெளியுறை: 'உரிக்க வேண்டாம்' என்பது பெரும்பாலும் ஒவ்வொரு கம்பியின் தனி உறையைத்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து மூடும் தடித்த வெளியுறையை எடுக்க வேண்டியிருக்கும்.

• மறுபயன்பாடு: ஒருமுறை விரிந்த முள் அடுத்த முறை அதே பிடியைத் தராமல் போகலாம். கம்பியும் ஏற்கெனவே வெட்டுப்பட்ட இடத்தில் பலவீனமாக இருக்கும்.

'வோல்ட் குறைவு, அதனால் ஆபத்தில்லை' என்றும் நினைக்க வேண்டாம். 60 வாட் எல்இடி விளக்குப் பட்டை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். ஷாக் அடிக்காது, ஆனால் மோசமான இணைப்பு சூடாகும். காரில் டேஷ்கேம் பொருத்தப் பயன்படுத்தும் கிளிப்புகளுக்கும் இது பொருந்தும்.

நெம்புகோல் வைத்த இணைப்பானும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆரஞ்சு நிற நெம்புகோல் வைத்த வாகோ 221 போன்ற இணைப்பான்களில் கம்பியைக் கட்டாயம் உரிக்க வேண்டும். 11 மில்லிமீட்டர் உரிக்கச் சொல்கிறது நிறுவனம். உரிக்காமல் நுழைத்தால் பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

• எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பொருளின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா?

• எந்த அளவுக் கம்பிக்கு என்று இருக்கிறதா? சிங்கப்பூர் வீடுகளில் விளக்குக்கு 1.5, பிளக் துளைகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிகள் வழக்கம்.

• திடக் கம்பிக்கா, பல இழைக் கம்பிக்கா?

• எந்தத் தரநிலை? உறையைக் குத்தி இணைக்கும் சாதனங்களுக்கென்றே ஐஇசி 60998-2-3 என்ற அனைத்துலகத் தரநிலை இருக்கிறது.

இந்த நான்கில் ஒன்றுக்கும் விற்பவரிடம் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

நானே செய்யலாமா?

லேன் கம்பியா? தாராளமாக. தவறு செய்தால் இணையம் வராது, அவ்வளவுதான். நுனியை வெட்டிவிட்டு மறுபடி செய்யலாம்.

சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் போகும் மின்கம்பிகளா? வேணாம். சிங்கப்பூரில் அது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்னியல் ஊழியரின் வேலை. வருபவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். மலேசியாவில் எரிசக்தி ஆணையத்திடம் பதிவுபெற்றவரைக் கூப்பிடுங்கள்.

அவர் எந்த வகை இணைப்பைப் போட்டாலும், ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "பெட்டி எங்கே இருக்கு அண்ணே? பின்னாடி திறந்து பார்க்க முடியுமா?" சிமெண்டுக்குள் புதைந்த இணைப்பு தளர்ந்தால் யாராலும் பார்க்க முடியாது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

• பிளாஸ்டிக் கருகும் வாடை. சிலருக்கு மீன் வாடை போலவும் இருக்கும்.

• சுவிட்சு அல்லது பெட்டியின் மூடி பழுப்பாக மாறியிருப்பது, தொட்டால் சுடுவது.

• கெட்டில், ஏர்கான் போடும்போது விளக்கு மினுக்குவது.

• பெட்டிக்குள் 'உஸ்ஸ்' அல்லது 'டிக் டிக்' சத்தம்.

உடனே மின்பெட்டியில் முதன்மைச் சுவிட்சை நிறுத்துங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற ஊழியரை அழையுங்கள்.

புகையோ தீயோ தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள்.