விழுந்தவரிடம் கேட்க மறந்த கேள்வி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் எழுந்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்து, இரண்டு கையையும் குழியின் விளிம்பில் ஊன்றி, ஒரு முட்டியைத் தரைக்குக் கொண்டுவந்து, சுவரைப் பிடித்து நிமிர வேண்டும். இருபது வயதில் ஒரே மூச்சில் நடப்பது அறுபத்தைந்தில் மூன்று தவணையாக நடக்கும். அப்படி நாற்பது வருடம் எழுந்து பழகியவர் ஒருநாள் இரவு கொல்லைப்பக்கம் போகையில் நிலைப்படி தடுக்கி விழுகிறார். “பாத்துப் போகக் கூடாதா?” என்கிறது வீடு.

அதற்கு முந்தைய ஆறு மாதம் அவர் எப்படி இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கண் மங்கி ஜரிகை இழை பிரித்துத் தெரியாமல் போன அன்றே அவர் தறியை விட்டிருப்பார். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறிப் போய்விட்டார்கள். கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர வேண்டும். அதனால் தறி என்பது பேச்சுத்துணையும்தான். தறிச் சத்தம் நின்ற வீட்டில் அவருக்குச் சாப்பாடு குறைகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல மாட்டார். “உடம்பு முடியல, எதுலயும் பிடிப்பு இல்ல” என்பார். “வயசானா அப்படித்தான்” என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அது வயதின் குணமில்லை, நோய். 2017-18-இல் இந்திய அரசு நடத்திய முதுமை பற்றிய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களை முறைப்படி கேள்வி கேட்டுப் பார்த்தபோது 100-க்கு 8 பேருக்கு மேல் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மருத்துவர் அந்த நோயைக் கண்டு சொல்லியிருந்ததோ 100-க்கு ஒருவருக்கும் குறைவு.

மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. தசை கரைகிறது, அடி சிறுத்துக் கால் தேய்கிறது, படி எங்கே என்பதில் கவனம் இருப்பதில்லை. தூக்க மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் எழுந்து நிற்கையில் தலைசுற்றலைத் தரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

விழுந்த பிறகு நடப்பது இன்னும் கொடுமை. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரைச் சேவிக்க 24 படி ஏற வேண்டும். முறிந்த எலும்பு கூடிவிட்டாலும் அந்தப் படிகளை நினைத்தாலே அவருக்குக் கால் நடுங்கும். முதலில் கோயில் நிற்கிறது. அடுத்து தெருமுனை டீக்கடை. கடைசியில் திண்ணைக்குக்கூட வருவதில்லை. நடக்காத கால் மேலும் தளர்கிறது, பேச ஆளில்லாத மனம் மேலும் இருள்கிறது, அடுத்த முறை விழுவதற்கு உடம்பு தயாராகிவிடுகிறது. எலும்பை மட்டும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பினால் பாதி வைத்தியம்தான் ஆகியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய மாநிலம் இது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசல் வரை மாத்திரை கொண்டுவருகிற சகோதரிகள் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்: “இந்த ஒரு வருஷத்துல எங்கயாவது விழுந்தீங்களா ஐயா? முன்னே பிடிச்ச விஷயத்துல இப்பவும் மனசு போகுதா?” ஒன்றுக்கு வரும் பதில் மற்றதைத் தேடச் சொல்லும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கொல்லை வழியில் இரவு விளக்கு, நிலைப்படி விளிம்பில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பக்கத்தில் ஒருவர் நிற்க. தெருவில் பாவு விரிக்கும் காலையில் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இழை சரியா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். பெரியவர் கண்ணில் படுகிற சுவரில் பெரிய எழுத்தில் இன்றே எழுதி வையுங்கள்.