தேவதை மீனும் பவளத் தொட்டியும்

சிங்கப்பூரில் பணியாற்றிய காலத்தில் என் வீட்டு வரவேற்பறையில் நானூறு லிட்டர் கொள்ளளவுள்ள உப்புநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டாண்டுகள் பொறுமையாகப் பவளங்களை வளர்த்த பிறகு, தீப்பிழம்பின் நிறம் கொண்ட சிறிய ஏஞ்சல் மீன் ஒன்றை வாங்கி விட்டேன். முதல் மாதம் கண்ணுக்கு விருந்தாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் மூளைப் பவளம் பகலிலும் சுருங்கியே கிடந்தது. நீரைச் சோதித்தேன், விளக்கை மாற்றினேன், பயனில்லை. ஒருநாள் உற்றுக் கவனித்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த மீன் போகிற போக்கில் பவளத்தின் சதையைக் கொத்திக்கொண்டிருந்தது.

இங்கே குறிப்பிடுவது நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நன்னீர் ஏஞ்சல் மீனை அன்று. அது அமேசான் ஆற்றைச் சேர்ந்த வேறு குடும்பம். கடல் ஏஞ்சல் மீன்களில் ஏறத்தாழ தொண்ணூறு இனங்கள் உள்ளன. கன்னத்தின் அடியில் பின்னோக்கி நீண்டிருக்கும் முள்ளே அவற்றின் அடையாளம். அவற்றுள் பேரரசர் ஏஞ்சல் போன்ற பெரிய இனங்கள் 40 செ.மீ. வரை வளரும், கடற்பஞ்சுகளே அவற்றின் முதன்மை உணவு. சிறிய இனங்கள் பெரும்பாலும் பாசியை மேய்கின்றன. ஜெனிகாந்தஸ் என்னும் பேரினம் மட்டும் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத் தின்பதால், பவளத்துக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை.

அப்படியானால் கடலில் இவ்விரண்டும் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன? இடப்பரப்பே விடை. பாறைத்திட்டில் மீன் இங்கொரு கொத்து, அங்கொரு கொத்து என்று நகர்ந்துகொண்டே இருக்கும். கடிபட்ட பவளம் ஆறிவிடும். தொட்டியிலோ அதே பவளம் நாளெல்லாம் கொத்துப்படுகிறது. கொத்துப்பட்ட பாலிப்புகள் உள்ளிழுத்துக்கொள்கின்றன. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்குத் தேவையான உணவில் பெரும்பங்கைத் தயாரிக்கின்றன. சுருங்கிக் கிடக்கும் பவளத்துக்கு ஒளியும் குறைகிறது, உணவும் குறைகிறது. கடியைவிடப் பட்டினியே அதைக் கொல்கிறது.

கடற்பாசியும் கடற்பஞ்சு கலந்த உணவும் அடிக்கடி கொடுத்தால் கொத்தும் வழக்கம் குறையும், முற்றிலும் நிற்காது. அதிக உணவு இட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, தூய நீரை விரும்பும் பவளத்துக்கு வேறு வழியில் கேடு வரும். என் மீனைப் பிடிக்கப் பாறைகள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மூளைப் பவளம் பிழைக்கவில்லை. பிழை மீனுடையதன்று, அதன் இயல்பை அறியாமல் வாங்கிய என்னுடையது.

தாயகம் திரும்பிய பிறகு, இப்படியொரு தொட்டி அமைத்துத் தர முடியுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அச்சட்டத்தை மீறினால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. எஞ்சியவற்றை 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பம் வெளிறச் செய்தது.

மீனுக்கும் ஒரு விலை உண்டு. சந்தைக்கு வரும் கடல் ஏஞ்சல்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு தெளித்துப் பிடிக்கும் முறை, மீனை மயக்குவதோடு அது ஒளிந்திருக்கும் பவளத்தையும் கொல்கிறது. வீட்டுத் தொட்டிக்கு ஒரு மீன் வருவதற்குள் கடலில் ஒரு பாறைத்திட்டு சிதைந்திருக்கக்கூடும்.

உப்புநீர்த் தொட்டி வைக்கவே கூடாது என்பது என் கருத்தன்று. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. அவ்வாறு வளர்க்கப்பட்ட மீன்களைக் கேட்டு வாங்கலாம். பவளத்துக்குப் பதில் சாதாரணப் பாறைகளை அடுக்கலாம். உயிருள்ள பவளத்தை யாராவது விற்க முன்வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்புவதே நல்லது.