வாசலில் நிறுத்தப்பட்ட துக்கம்: தானியேலா வேகாவின் கலையும் சிலி நாட்டுச் சட்டமும்

அடக்க ஆராதனையை நடத்துவது போதகருக்குப் பழகிப்போன ஊழியம். யார் முன்வரிசையில் அமர்வது, யார் முதலில் மண் போடுவது என்பவற்றையெல்லாம் குடும்பத்தார் தீர்மானிக்கின்றனர்; நாம் அதற்கு இசைந்து ஜெபிக்கிறோம். துக்கங்கொண்டாட உரிமையுடையவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அக்கேள்வியை நம் முன் வைத்தவர் ஒரு திரைப்பட நடிகை. தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைச் சேர்ந்த திருநங்கையாகிய தானியேலா வேகா என்பவரே அவர்.

வேகா 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான்டியாகோ நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே மேற்கத்திய இசைநாடகப் பாடலில் பயிற்சி பெறத் தொடங்கினார். பதின்பருவத்தில் தாம் ஒரு பெண் என்பதை வெளிப்படுத்தியபோது பெற்றோர் அவரைத் தள்ளிவிடவில்லை, உடன் நின்றனர். இது சிறிய காரியமன்று. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதிலிருந்தே இத்தகையோர் பலருடைய சரித்திரம் தொடங்குகிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் வீடு ஏற்றுக்கொண்டவரை வெளியுலகம் எளிதில் ஏற்கவில்லை. அவர் சிகையலங்காரத் தொழிலில் பிழைத்தார். பின்பு நாடக மேடைக்கு வந்து, தம் வாழ்வையே பொருளாகக் கொண்ட ஒரு நாடகத்தில் 2011இல் நடித்தார். 2014இல் ‘வருகை’ என்னும் பொருள்படும் ஸ்பானியத் தலைப்புடைய திரைப்படத்தில் நடித்தார்.

இயக்குநர் செபாஸ்தியான் லேலியோ ஒரு திருநங்கையைப் பற்றிப் படமெடுக்க எண்ணி, முதலில் வேகாவை ஆலோசகராகவே நாடினார். அவரோடு உரையாடி வந்தபின், அப்பாத்திரத்தை ஏற்க அவரே தக்கவர் என்று கண்டார். இங்ஙனம் உருவாகி 2017இல் வெளிவந்ததே ‘அற்புதப் பெண்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க திரைப்படம்.

அதன் கதை எளியது. மரீனா பகலில் உணவகத்தில் பரிமாறுகிறாள், இரவில் பாடுகிறாள். அவளைவிட வயதில் மிகவும் மூத்த ஒர்லாந்தோவுடன் வாழ்கிறாள். ஓரிரவு அவர் திடீரென நோயுற்று இறந்துவிடுகிறார். அவ்விநாடி முதல் அவள் விதவையாக அல்ல, சந்தேகத்துக்குரியவளாகவே நடத்தப்படுகிறாள். மருத்துவமனையில் அவளுடைய அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். அதில் அவள் உதறிவிட்ட ஆண் பெயர் இருக்கிறது. காவல்துறை அவளுடைய உடலைப் பரிசோதிக்கிறது. இறந்தவருடைய முன்னாள் மனைவியும் மகனும் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். அவள் வளர்த்த நாயையும் எடுத்துக்கொள்கிறார்கள். இறுதிச் சடங்குக்கு வரக்கூடாது என்கிறார்கள். அதை மீறி ஆலயத்துக்குள் வருகிற அவள் வெளியேற்றப்படுகிறாள்.

போதகராகிய நாம் இக்காட்சியில் நின்றுவிடுகிறோம். வெளியேற்றியவர்கள் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. தங்கள் துக்கத்தை மதிக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். அவளுக்கும் துக்கம் உண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் நடத்திய ஓர் அடக்க ஆராதனையில், கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே ஒருவர் கடைசிவரை நின்றிருந்தார். சேலை உடுத்தியிருந்தார், அழுதுகொண்டிருந்தார். இறந்தவரின் வீட்டார் கண்ணால் காட்டிய குறிப்பை நாம் புரிந்துகொண்டோம். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறினோம். இப்படத்தைக் கண்ட பின்பே அது நம் நினைவுக்கு வந்தது.

படத்தின் முடிவில் மரீனா மேடையேறி ஹாண்டெல் இயற்றிய ஒரு பாடலைப் பாடுகிறாள். ‘மேசியா’ கீதத்தின் வழியாக ஹாண்டெலை அறிந்த நம் பாடகர் குழுவினருக்கு அவ்விசை அந்நியமாயிராது. வேகா பெற்ற பழைய பயிற்சி இங்கே பயன்படுகிறது.

2017இல் பெர்லின் திரைப்பட விழாவில் இப்படத்தின் திரைக்கதை வெள்ளிக் கரடி விருது பெற்றது. 2018 மார்ச் 4 அன்று வேற்றுமொழித் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. சிலி நாடு அப்பிரிவில் வென்றது அதுவே முதன்முறை. அதே மேடையில் நிகழ்ச்சி ஒன்றை அறிவிக்க வேகா அழைக்கப்பட்டார். தம்மைத் திருநங்கை என்று வெளிப்படையாகக் கூறிய ஒருவர் அவ்விழாவில் அப்பணியைச் செய்தது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை.

உலகம் புகழ்ந்த அந்நாளிலும் அவருடைய அடையாள அட்டையில் பழைய ஆண் பெயரே இருந்தது. கதையில் மரீனாவுக்கு நேர்ந்தது நடிகைக்கும் உண்மையாயிருந்தது. அவர் தாயகம் திரும்பியபின், அதிபர் மிச்செல் பாச்செலெட் படக்குழுவினரை அரசு மாளிகையில் வரவேற்றார். பாச்செலெட்டின் பதவிக்காலம் முடியச் சில நாட்களே இருந்தன. தமக்குச் சொந்தமல்லாத பெயரைத் தம் நாடு தம்மீது சுமத்தியிருப்பதை வேகா வெளிப்படையாகப் பேசினார்.

பாலின அடையாள மசோதா 2013இலேயே சிலி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் இழுபட்டது. அதற்கு எதிர்ப்பு கிறிஸ்தவ வட்டாரங்களிலிருந்தே, கத்தோலிக்கரிடமும் சுவிசேஷ சபையாரிடமும், வலுவாக எழுந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. சான்டியாகோவில் ஆண்டுதோறும் சுவிசேஷ சபையார் நடத்தும் தேசிய ஸ்தோத்திர ஆராதனைக்கு 2017 செப்டம்பரில் வந்த அதிபரை, அவருடைய அரசின் சீர்திருத்தங்களை வெறுத்த சிலர் வசைமொழியால் வரவேற்றனர். எதிர்த்தோரின் இறையியலை இங்கு ஆராய இடமில்லை. ஆயினும் வேதமாணவர் ஒன்றைக் கவனிக்கலாம். ஏசாயா 56இல் ‘அண்ணகன்’ என்று மொழிபெயர்த்த நம் பழைய தமிழ் வேதாகமம், அப்போஸ்தலர் 8இல் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ‘மந்திரி’ என்று தருகிறது. பதவியைப் பற்றிக் கேட்ட சபையார் அவனுடைய உடல்நிலையைக் கேளாமலே போயினர்.

பாச்செலெட்டுக்குப் பின் வலதுசாரியான செபாஸ்தியான் பின்யேரா அதிபரானார். மசோதா மடிந்துவிடும் என்று பலர் நினைத்தனர். ஆனால் 2018 செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவரே கையொப்பமிட்டார். ஒரு திரைப்படம் மட்டுமே சட்டத்தை உண்டாக்கியது என்று சொல்வது மிகையாகும். திருநங்கையரும் திருநம்பியரும் பல ஆண்டுகளாகச் செய்த உழைப்பு அதற்குப் பின்னால் உண்டு. எனினும் வெறும் வாதமாயிருந்ததற்கு வேகா ஒரு முகத்தைத் தந்தார். 2019 டிசம்பரில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பியோர் அறுவைச் சிகிச்சை எதுவுமின்றிப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெயரையும் பாலினக் குறிப்பையும் மாற்றிக்கொள்ளலாம். 14 முதல் 18 வயதுக்குட்பட்டோர் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும். 14 வயதுக்குட்பட்டோர் விடப்பட்டனர்; அது குறித்த சர்ச்சை ஓயவில்லை.

வேகா 2019இல் தம் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் ‘லா ஹவுரியா’ என்னும் சிலி நாட்டுத் தொடரில் காவல்துறை அதிகாரியாக நடித்தார். மரீனாவைச் சந்தேகித்த சீருடையாளரின் தரப்பிலே இம்முறை அவர் நின்றார் என்பது நமக்குப் புன்னகை வரவழைத்தது.