தட்டின் ஓரத்தில் மினுக்கும் கறி

தாய்லாந்தில் 'காவ் க்ளுக் கபி' ஒரு தட்டு வாங்கிப் பாருங்கள். நடுவில் இறால் விழுதில் கிளறிய சோறு குவிந்திருக்கும். சுற்றிலும் ஒரு திருவிழாவே நடக்கும்! நூல் நூலாய் நறுக்கிய ஆம்லெட், மொறுமொறுவென்று பொரித்த உலர் இறால், புளிப்பு மாங்காய்ச் சீவல், சின்ன வெங்காயம், காராமணிக்காய், வெள்ளரி, ஊசிமிளகாய், எலுமிச்சைத் துண்டு. எல்லாரும் அந்தச் சோற்றைப் படம் பிடிப்பார்கள். என் கண்ணோ நேரே ஓரத்துக்குத்தான் ஓடும். அங்கே கருந்தேன் நிறத்தில், பளபளவென்று, சின்னச் சின்னத் துண்டுகளாக உட்கார்ந்திருக்கிறதே, 'மூ வான்' என்கிற இனிப்புப் பன்றிக்கறி, அதுதான் இன்றைய நாயகன். அது உருவாகும் அடுப்படிக்கே போய் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்!

அடுப்புக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பு. பாங்காக்குக்குத் தென்மேற்கே சமுத் சொங்க்ராம் என்றொரு மாகாணம். பரப்பளவில் தாய்லாந்திலேயே மிகச் சிறியது. தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்து, ரயில் வரும்போது கூரையைச் சுருட்டிக்கொள்ளும் மே க்ளோங் சந்தை இருக்கிறதே, அந்த ஊர்தான். இந்தத் தட்டின் இரண்டு தூண்களும் இந்தக் குட்டி மாகாணத்தில்தான் நிற்கின்றன. க்ளோங் கோன் பகுதியில், பொடி இறால் போன்ற கடல் உயிரியை உப்பிட்டுப் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்துச் செய்யும் 'கபி' விழுதுக்கு நாடு முழுக்கப் பெயர். அம்பவா பகுதித் தோப்புகளில் தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாற்றைக் காய்ச்சினால், மூ வானுக்கு உயிரான வெல்லம் கிடைக்கும். நம் ஊரில் பதநீர் புளித்துவிடாமல் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம் அல்லவா? அங்கே பயோம் என்ற மரத்தின் சிம்புகளைக் கலயத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். சற்றுத் தெற்கே பெட்சபுரிக்குப் போனால் பனைவெல்லம். சாட்சாத் நம்முடைய அதே பனைமரம்!

சரி, இப்போது சமையலறை. முதலில் காதில் விழுவது கருங்கல் உரலின் டொக் டொக். உள்ளே இடிபடுவது மூன்றே சரக்கு: கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு. தாய் சமையலின் பாதி ரகசியம் இந்த மும்மூர்த்திகளிடம்தான் இருக்கிறது. இலையில் இல்லாத ஒரு மண்வாசம் அந்த வேரில் உண்டு. நம் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வேரோடுதான் வருகிறது. அதை வெட்டிக் குப்பையில் போடுகிறோமே என்று நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. இனிமேல் கழுவி எடுத்து வையுங்கள், தயவுசெய்து.

அரைக் கிலோ கறிக்கு மூன்று வேர், ஐந்து பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி மிளகு போதும். கறி, கொழுப்பு கலந்ததாக இருக்க வேண்டும். முன்சப்பையோ வயிற்றுப் பகுதியோ சரி. கொழுப்பில்லாத துண்டு பாகில் வெந்தால் நார் நாராக வறண்டுவிடும். சுண்டுவிரல் அகலத்துக்கு மெல்லிசாக நறுக்குகிறார்கள், ஒவ்வொரு துண்டும் முழுவதும் பாகைப் பூசிக்கொள்ளும்படி.

வாணலி காய்ந்ததும் விழுது எண்ணெயில் விழுகிறது. கறி சேர்ந்து நிறம் மாறியதும் 150 கிராம் தென்னை வெல்லம். அது இளகி நுரைக்கும்போது மீன் சாறான 'நாம் ப்லா'வில் ஒன்றரை மேசைக்கரண்டி. நெத்திலி போன்ற சிறு மீன்களையும் உப்பையும் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்து வடித்தது. சூடான வாணலியில் அது பட்டதும் ஒரு ஆவி கிளம்பும் பாருங்கள்! முதல் மூச்சில் கடற்கரை. அரை நிமிடம் பொறுத்தால் அந்த மீன் வாடை அடங்கி, இறைச்சி வாசனை இரட்டிப்பாகி எழும்பும். நானாக இருந்தால் அந்த அரை நிமிடத்துக்காகவே இதைச் சமைப்பேன். அப்புறம் நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி கருப்பு சோயா சாறு, முக்கால் கோப்பைத் தண்ணீர், ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். சிறு தீயில் மூடாமல் விடுங்கள்.

முதல் இருபது நிமிடம் வெறும் தளதளப்புதான். தண்ணீர் நிறைய இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. கறி மெத்தென்று ஆவது அப்போதுதான். நீர் வற்ற வற்றப் பாகின் சூடு ஏறுகிறது, குமிழ்கள் தடிக்கின்றன, கொதிக்கும் சத்தம் கனக்கிறது. வெல்லத்தின் சர்க்கரையும் கறியிலும் மீன் சாற்றிலும் உள்ள அமினோ அமிலங்களும் கைகோத்துப் பழுப்பேறுகின்றன. 1912-இல் பிரெஞ்சு அறிவியலாளர் மெயில்லார்ட் விவரித்த அதே வினை. இந்தக் கட்டத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்! ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு கரண்டி மீன் சாறு. முன்பே மொத்தமாக ஊற்றினால், வற்றியதும் உப்புக் கரிக்கும். பாகு பிசுக்குப் பதத்தில் கறியைச் சுற்றி ஒட்டியதும் இறக்கிவிடுங்கள். ஆற ஆற அது தானே இறுகிக்கொள்ளும். மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் தூவினால் முடிந்தது.

அரண்மனையிலும் இந்தக் கறிக்கு ஒரு கதை உண்டு. ஐந்தாம் ராமா மன்னரின் துணைவியரில் ஒருவரான சதாப், சுவான் சுனந்தா அரண்மனையில், படகில் அமர்ந்து சாப்பிட ஆசைப்பட்டவர்களுக்காகச் சமையலறையில் இருந்ததையெல்லாம் ஒன்றுசேர்த்தாராம். மிளகாய்க் கபி விழுது, பொரித்த மீன், மூ வான். அப்படித்தான் 'நாம் ப்ரிக் லோங் ருவா' என்ற பண்டம் வந்தது என்று சொல்வார்கள். இன்றும் அதை மூ வான் இல்லாமல் செய்வதில்லை.

இவ்வளவு இனிப்பா என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தனியாக ஒரு துண்டை வாயில் போட்டால் திகட்டத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இது தனியாக நிற்கப் பிறந்ததே இல்லை. கபியின் உப்பு, மாங்காயின் புளிப்பு, ஊசிமிளகாயின் காரம், பச்சை வெங்காயத்தின் கடுப்பு என்று இத்தனை முரடர்களையும் ஒரே கவளத்தில் சமாதானமாக உட்காரவைக்கும் வேலை இதனுடையது. அந்த வேலைக்கு இந்த இனிப்பு சரியான அளவு. ஆரோக்கியம் கருதிக் குறைக்க நினைத்தால் கறியின் அளவைக் குறையுங்கள், வெல்லத்தைக் குறைக்காதீர்கள்.

நம் ஊரில் செய்யப் போகிறவர்களுக்கு: கருப்பட்டி மணம் இதில் தூக்கலாக நிற்கும், வெளிர்நிறத் தென்னை வெல்லமே பொருந்தும். மாங்காய் மட்டும் நல்ல புளிப்பாக வாங்குங்கள். அது கிடைக்காத நாளில் மூ வானை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.