வெற்றிடம் சுழியமாகுமா?

ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவன் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. எடுக்காத அளவை எடுத்ததாக எழுதக்கூடாது என்பதே அது. பியூரெட்டில் கரைசலை நிரப்பி மூன்று முறை தரம்பார்க்கிறோம். முதல் முறை 18.2 மில்லிலிட்டர், இரண்டாம் முறை 18.4. மூன்றாம் முறை குடுவை கைநழுவி உடைந்துவிடுகிறது. அப்போது ஏட்டில் என்ன எழுதுவோம்? அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோம். அல்லது மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்போம். அங்கே சுழியம் என்று எழுதி, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 12.2 என்று விடை வரும். உண்மை விடையோ 18.3. அப்படி எழுதிக் கொண்டுவரும் மாணவனை எந்த ஆசிரியரும் மன்னிக்கமாட்டார்.

ஆனால், அதே பல்கலைக்கழகத்தில், தேர்வுக்கு வர இயலாத மாணவனின் கட்டத்தில் சுழியம்தான் எழுதப்படுகிறது. அளவு எடுக்கப்படவே இல்லை. இருந்தும் எண் மட்டும் வந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டை விளக்குவதும், இதை நீக்க மாணவராகிய நாம் என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் அறிந்த விதம்

சென்ற பருவத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, என்னை எடுத்து வளர்த்த ஆச்சி இறந்துவிட்டதாகத் திருநெல்வேலியிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் இரவு தில்லியில் இரயில் ஏறினேன். சென்னைக்கு வரவே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஒன்றரை நாள் பயணம். அங்கிருந்து மற்றோர் இரவு வண்டி. திங்கட்கிழமை காலையில் வீட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் திங்கள் முதல் வியாழன் வரை, இங்கே நான்கு தாள்களுக்கும் இரண்டாம் இடைத்தேர்வு நடந்தது.

பதினாறாம் நாள் வரைகூட இராமல் திரும்பி வந்து, விண்ணப்பத்தோடு அலுவலகத்திற்குச் சென்றேன். "மருத்துவச் சான்று இருக்கிறதா?" என்று கேட்டார் எழுத்தர். "எனக்கு நோயில்லை, ஐயா, என் பாட்டி இறந்துவிட்டார்" என்றேன். "விதியில் நோய்க்கு மட்டுமே இடம் உண்டு" என்றார் அவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. விதியைப் படித்துத்தான் சொன்னார். விடுதிக்கு வந்தபோது நண்பன் ஒருவன், "நூறு இருநூறு கொடுத்தால் காய்ச்சல் என்று சான்று வாங்கிவிடலாமே!" என்றான். உண்மை சொன்னவனுக்குச் சுழியம். பொய் சொல்பவனுக்கு மறுதேர்வு. விதியின் குறை எங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சுழியத்தின் எடை

எங்கள் துறையில் ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். பருவ இறுதித் தேர்வுக்கு 70, அகமதிப்பீட்டுக்கு 30. அந்த முப்பதில் இரண்டு இடைத்தேர்வுகளுக்குப் பத்துப் பத்து. எழுதித் தரும் பயிற்சிக்குப் பத்து. முதல் தேர்வில் 8, பயிற்சியில் 8 பெற்ற ஒருவன் இரண்டாம் தேர்வைத் தவறவிட்டால் 30க்கு 16 பெறுகிறான். எழுதியவற்றை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 20க்கு 16. அதாவது 30க்கு 24. வேறுபாடு எட்டு மதிப்பெண். தேர்வுகள் ஒரே வாரத்தில் வருவதால், இந்த எட்டு ஒவ்வொரு தாளிலும் குறைகிறது. 60 விழுக்காடு பெறவேண்டியவன் 52க்கு இறங்குகிறான். தேசியத் தகுதித் தேர்வு எழுத முதுகலையில் பொதுப் பிரிவினர்க்கு 55 விழுக்காடு வேண்டும். ஆகவே ஒரு வார வராமை, ஒருவனுடைய ஆராய்ச்சிக் கனவையே அடைத்துவிடக்கூடும்.

அகமதிப்பீடு எதற்காக வந்தது?

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் சொல்லவேண்டுமானால் அது தேர்வுச் சீர்திருத்தமே என்று கருதியது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரிக் குழுவும் அகமதிப்பீட்டை வற்புறுத்தியது. ஆண்டு முழுவதும் கற்றதை மூன்று மணி நேரத்தில் அளந்துவிட முடியாது. அன்று தலைவலி வந்தால் ஓராண்டு உழைப்பே வீணாகிவிடும். அளவுகளைப் பலவாக்கினால் இந்த ஊழ் குறையும் என்பதே அகமதிப்பீட்டின் உட்கருத்து.

கருத்து நல்லதே. ஆனால், ஒவ்வோர் இடைத்தேர்வுக்கும் ஒரே நாள், ஒரே வாய்ப்பு, தவறினால் சுழியம் என்று விதி செய்தால் நிகழ்வது என்ன? ஒரு பெரிய ஊழுக்குப் பதிலாகப் பல சிறிய ஊழ்கள் வந்து சேர்கின்றன. நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2014-15இல் பரப்பிய பத்துப் புள்ளித் தர அட்டவணையில் ஒரு வேடிக்கை உண்டு. தோல்விக்கு ஓர் எழுத்தும், வராமைக்கு வேறோர் எழுத்தும் அதில் தனித்தனியே உள்ளன. இரண்டும் ஒன்றல்ல என்பது அட்டவணை செய்தோர்க்கும் தெரிந்தே இருக்கிறது. ஆயினும் இரண்டிற்கும் எதிரே இருக்கும் எண் சுழியமே!

ஆசிரியர் தரப்பு

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் பார்க்கவேண்டும். மறுதேர்வு என்றால் புதிய வினாத்தாள் எழுதவேண்டும். அது முதல் தாளினும் எளிதாகவோ கடினமாகவோ அமைந்துவிடலாம். படிக்காதவனும் காரணம் காட்டி நாள் தள்ளுவான். உரிய நாளில் வந்து எழுதியவனுக்கு அது அநீதி. இவை வெறும் சாக்குகள் அல்ல, உண்மையான இடர்ப்பாடுகள்.

இவற்றுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பருவ முடிவில் எல்லாத் தாள்களுக்கும் பொதுவாக ஒரே மறுதேர்வு வாரம். ஆசிரியர் தனித்தனியே அலைய வேண்டுவதில்லை. இரண்டாவது, மூன்று தேர்வுகள் வைத்துச் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்வது. இதில் யாரும் சான்று காட்ட வேண்டியதே இல்லை. ஆனால் நீண்ட நாள் நோயுற்றவனுக்கு இது போதாது. மூன்றாவது, தவறிய தேர்வின் மதிப்பெண்ணை இறுதித் தேர்வில் சேர்த்துவிடுவது. இது எளிது, ஆனால் மீண்டும் அந்த மூன்று மணி நேரத்தின்மீதே பாரம் ஏறுகிறது. மேலும், செய்முறைப் பாடத்திற்கு இது பொருந்தாது. கையால் செய்யவேண்டியதை ஏட்டில் எழுதிக் காட்ட முடியாதன்றோ? அதற்கு ஆய்வுக்கூடத்தை இன்னொரு நாள் திறந்துவிடுவதே வழி.

எந்த ஒரு வழியும் முழுமையானதன்று. முதல் வழியை அடிப்படையாகக் கொண்டு, செய்முறைக்கு ஒரு தனி நாளும் தருவது நம் போன்ற பல்கலைக்கழகத்திற்கு ஏற்றது என்பது என் கருத்து.

முன்னரே நடந்தவை

இது நடவாத காரியம் என்பார்க்குச் சில சான்றுகள் காட்டலாம். கொள்ளைநோய்க் காலத்தில், 2020 ஜூலையில், மானியக் குழு வெளியிட்ட நெறிமுறை, இறுதிப் பருவத் தேர்வை எக்காரணத்தால் எழுத இயலாதவர்க்கும் சிறப்புத் தேர்வு நடத்தலாம் என்றது. அது அந்த ஓராண்டுக்கு மட்டுமே. ஆயினும் காரணத்தைத் துருவாமல் வாய்ப்பளிக்க முடியும் என்பதை அது காட்டியது. 2021 டிசம்பரில், தாய்மை அடையும் மாணவியர்க்கு விடுப்பும் வருகைத் தளர்வும் தர விதிகள் வகுக்குமாறு அக்குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிலக்கு நாட்களைக் கருதி மாணவியர்க்கு வருகையில் 2 விழுக்காடு தளர்வு தந்தது. அதைக் கேட்டுப் பெற்றது அங்குள்ள மாணவர் மன்றம். அம்மாதத்திலேயே கேரள அரசும் அதை மற்ற பல்கலைக்கழகங்களுக்கு விரிவாக்கியது. மாணவர் கேட்டால் விதி மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முறையிடும் வழியும் வகுக்கப்பட்டிருக்கிறது. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மதிப்பீட்டில் நேரும் நேர்மையற்ற நடைமுறையும் ஒரு குறையே. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் தன் பரிந்துரையைத் தரவேண்டும். அது நிறைவளிக்காவிடில், மேலும் 15 நாட்களுக்குள் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும்.

நாங்கள் செய்தது

தமிழர் இருவர், மலையாளி ஒருவர், ஒரியர் ஒருவர், மணிப்பூர்த் தங்கை ஒருவர் ஆக ஐவர் கூடினோம். வீட்டுக்குச் சென்று திரும்பவே நான்கைந்து நாள் ஆகும் தொலைவிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஊர்வலமும் முழக்கமும் வேண்டாமென்று முடிவு செய்து, இரண்டே பக்கத்தில் மனு எழுதினோம். கோரிக்கைகள் மூன்று: நெருங்கிய உறவினர் மறைவையும் தக்க காரணமாக ஏற்கவேண்டும், பருவத்திற்கு ஒருமுறை சான்றில்லாமல் மாணவனின் எழுத்துமூல வாக்கையே ஏற்கவேண்டும், பருவ முடிவில் ஒரு மறுதேர்வு வாரம் வேண்டும். மேலே சொன்ன பியூரெட் கணக்கையும் அதில் எழுதினோம். துறைத் தலைவர் அதைப் படித்துச் சிரித்தார், பிறகு சிந்தித்தார்.

முதலாவதையும் மூன்றாவதையும் துறை ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை ஏற்கவில்லை. இவ்வேற்பாடு இந்தப் பருவத்திலிருந்துதான் நடைமுறைக்கு வருகிறது. பழைய மதிப்பெண்களுக்குப் பொருந்தாது. என் நான்கு சுழியங்களும் அப்படியே இருக்கின்றன. பல்கலைக்கழகம் முழுமைக்கும் இவ்விதி வரவேண்டுமானால், கல்விக் குழு தீர்மானிக்கவேண்டும். அதற்கான மனு இன்னும் அனுப்பப்படவில்லை.

தமிழ் நண்பர்களே, உங்களுக்குச் சொல்வன இரண்டு. தேர்வைத் தவறவிட நேர்ந்தால், அன்றே எழுத்துமூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்ட ஒப்பத்தோடு படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரயில் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். பொய்ச் சான்று மட்டும் வாங்காதீர்கள். ஒரு பொய்ச் சான்று வெளிப்பட்டால், மெய்யாக நோயுற்ற நூறு பேரின் வாய்ப்பு கெடும்.

கல்விக் குழுவுக்கு அனுப்பும் மனு அடுத்த மாதம் ஆயத்தமாகும். கையெழுத்திட விரும்புவோர், தத்தம் துறையின் தேர்வு விதியில் ஒரு படியுடன் சங்கச் செயலாளரைக் காண்க. எத்துறையில் என்ன விதி இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எதை மாற்றக் கேட்பது என்று நாம் சொல்ல முடியும்.